புகையில்லாத சமித்து

சாஸ்திரி எழுதி அனுப்பிய பட்டியலில் இருபத்து மூன்று பொருட்கள் இருந்தன. அவற்றில் புகையாதவை என்று பார்த்தால் ஒன்பதுதான் தேறின. மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலை, தேங்காய், அரிசி, செங்கல், மணல், செம்பு. இவற்றை வைத்துக்கொண்டு ஹோமம் பண்ண முடியாது, கடை வேண்டுமானால் போடலாம்.

மற்ற பதினான்கும் நெருப்பில் விழுகிறவை. நெருப்பில் விழுந்தால் புகையும். புகைந்தால் என் வீட்டுக்காரருக்கு மூச்சு நின்றுவிடும். அவருக்கு மூச்சு நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் ஹோமமே.

அவர் தச்சர். கட்டில், மேசை செய்யும் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் மரம் அறுத்து, இழைத்து, உப்புத்தாள் தேய்த்தார். அந்தத் தூள் அத்தனையும் மூக்கு வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, நுரையீரல் இரண்டும் இறுகிப்போயின. இப்போது படுக்கையறையில் ஒரு ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்குப் போகிறது. போன மாதம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே மருந்துல பெருசா ஒண்ணும் இல்லம்மா. அவரை சௌகரியமா வெச்சுக்குங்க" என்றார்.

சௌகரியமாக வைத்துக்கொள்ள அவர் என்ன சோபாவா? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாய்க்குள்ளேயே அந்த மனிதரைத் திட்டிக்கொண்டு வந்தேன். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

அன்று சாயங்காலமே சாஸ்திரிக்கு போன் போட்டேன். நான் அப்படியொன்றும் பக்தியில் ஊறியவள் இல்லை. ஆபீஸ் கேண்டீனில் நூற்றைம்பது பேருக்குச் சமைக்கிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆனால் வேறு எங்கே போய் நிற்பது? யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? தட்டிய கதவெல்லாம் சாத்திக்கொண்டது.

பட்டியல் வந்ததும் மறுபடி போன் போட்டேன்.

"வரட்டி வேண்டாம் சாமி."

"நெருப்பு பிடிக்கணுமேம்மா."

"தேங்காய் ஓட்டுல நான் தணல் பண்ணித் தரேன். குங்கிலியம் வேண்டாம். கற்பூரம் வேண்டாம், கரி கக்கும். பட்டுத்துணி வேண்டவே வேண்டாம். எள்ளு ஒரு சிட்டிகை போதும்."

"நெய்யாவது உண்டா?"

"நெய் உண்டு. நானே உருக்கறேன்."

"எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் ஹோமம் எதுக்கும்மா? விளக்கேத்தி மனசாரக் கும்பிடுங்களேன்."

"விளக்கு ரெண்டு வருஷமா ஏத்தறேன் சாமி. அதுக்குக் காது கேக்கல."

அவர் குரலை இறக்கிக்கொண்டு பேசினார். "சரிம்மா, புரியுது. ஆனா சமித்து இல்லாம முடியாது. அரசங்குச்சி, ஒரு சாண் நீளம், நூத்தெட்டு வேணும்."

"நூத்தெட்டுக்கு அவர் தாங்க மாட்டார்."

"இருபத்தெட்டு. அதுக்குக் கீழ கேக்காதீங்க. அவர் நெருப்புக்குப் பக்கத்துல வரவேண்டாம், தள்ளியே உட்காரட்டும். ஒவ்வொரு குச்சியையும் அவர் கையால தொட்டு உங்க கிட்ட கொடுக்கட்டும், நீங்க போடுங்க. அவர் ஆயுசுக்குப் பண்றது, அவர் உள்ள படுத்திருந்தா எப்படி?"

ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

குழாயோடு நெருப்பு இருக்கும் இடத்துக்கு அவர் வரக்கூடாது. ஊதுவத்திகூட ஆகாது என்று வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதுமாம். அப்படியானால் குழாயைக் கழற்ற வேண்டும். கழற்றினால் எத்தனை நிமிடம் தாங்குவார்? நானும் மகளும் இரண்டு நாள் சோதித்துப் பார்த்தோம். மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், கணக்கில் கெட்டி. விரலில் மாட்டும் கருவியில் குழாயோடு தொண்ணூற்று நான்கு காட்டியது. கழற்றிய பன்னிரண்டாவது நிமிடத்தில் எண்பதைத் தொட்டது. எண்பதுக்குக் கீழே போனால் எனக்கு உடனே சொல்லுங்கள் என்பது நர்ஸின் உத்தரவு.

ஆக, பன்னிரண்டு நிமிடம். சட்டையை மாற்றவும், முகம் துடைக்கவும், நாற்காலியில் உட்கார வைக்கவும் மூன்று போனால் மீதி ஒன்பது. புகை வந்தால் அந்த ஒன்பதும் இல்லை.

பின்பக்கச் சந்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவை வைத்து ஒவ்வொன்றாக எரித்துப் பார்த்தேன். கடையில் விளக்குக்கென்று விற்கிற நெய் மூன்று வகை வாங்கினேன். மூன்றும் டப்பாவில் விழுந்ததும் நீலமாகப் புகைந்து தொண்டையைக் கரகரக்க வைத்தன. நெய்யைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வெண்ணெய் வாங்கி, ஈரம் கொஞ்சமும் இல்லாமல் சடசடப்பு அடங்கும்வரை உருக்கி, இரண்டு தரம் வடிகட்டினேன். அது மஞ்சளாக நின்று எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, கடுதாசி எதாச்சும் எரிக்கிறீங்களா?" என்றாள். "ஆமாம், பழைய காதல் கடுதாசி" என்றேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சமித்துதான் என் உயிரை வாங்கியது.

பூஜை சாமான் கடையில் அரசங்குச்சிகளைக் கட்டுக் கட்டாக பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு உறைக்குள் வியர்த்திருந்தது. கடைக்காரர் துடைத்து நீட்டினார்.

"புது சரக்கும்மா. போன வாரம்தான் வந்துது."

"புதுசு எனக்கு எதுக்கு? பழசு காட்டுங்க. காஞ்சு கருவாடாப் போனது இருந்தா எடுங்க."

இப்படிக் கேட்கிற ஆளை அவர் பார்த்ததில்லை போலும். மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஆறு கட்டுகளை இறக்கினார். எது காய்ந்தது, எது ஈரம் என்று எனக்கென்ன தெரியும்? ஆறையும் அள்ளிக்கொண்டு வந்து என் வீட்டுக்காரர் கட்டில்மேல் போட்டேன்.

ஹோமம் என்று முதலில் சொன்னபோது அவர், "உனக்குத் திருப்தின்னா செய்யேன் மேனேஜரம்மா" என்று மட்டும்தான் சொன்னார். வீட்டில் எனக்கு அதுதான் பெயர். இப்போது குச்சிகளைக் கண்டதும் எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டார். ஒரு குச்சியை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இது ஈரம். சில்லுனு இருக்கு பாரு." என் கன்னத்திலும் வைத்தார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. அடுத்து இரண்டு குச்சிகளைக் காதருகே வைத்து ஒன்றோடொன்று தட்டினார். "இது காஞ்சது. சத்தம் சுத்தமா வருது. இந்தக் குச்சி இருக்கே, இது அரசே இல்ல. எவனோ வேலில ஒடிச்சதைக் கட்டித் தள்ளிட்டான்."

பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினார். ஆனாலும் நிறுத்தவில்லை. மடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் அதே வேலையாக இருந்தார். காலையில் கண்ணைத் திறந்ததும் குச்சியைக் கேட்டார். தம் பழைய சின்னக் கத்தியைத் தேடி எடுத்துத் தரச் சொன்னார். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுப்படியில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஹோமம் இன்னும் நடக்கவே இல்லை, அதற்குள் பலனைக் கண்ணில் காட்டுகிறாயே தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

கடைசியில் மூன்று கட்டு ஆயிற்று. பெரிய கட்டு கழிசல். இரண்டாவதை வெள்ளைத் துணியில் சுற்றி, "இந்தா, உன் ஹோமத்துக்கு" என்று கொடுத்தார். மூன்றாவதைப் பழைய தாளில் உருட்டி நூல் கட்டி, தாளின்மேல் பென்சிலால் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் போட்டார்.

அந்தக் குறி எனக்குத் தெரியும். பட்டறையில் நல்ல துண்டு மரம் மிஞ்சினால் வேலையாட்கள் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். வேறு யாரும் தொடாமல் இருக்க ஆளுக்கொரு குறி. எங்கள் கட்டிலுக்கு அடியிலும், என் சமையலறை அலமாரியின் பின்பக்கத்திலும் அந்த வட்டமும் புள்ளியும் இருக்கின்றன.

"இது எதுக்கு?" என்றேன்.

"அது இருக்கட்டும்" என்றார்.

ஹோமத்தின் முடிவில் போடுவதற்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார் என்று நானே நினைத்துக்கொண்டேன். எவ்வளவு ஆசையாகச் செய்கிறார் என்று உள்ளம் பூரித்துப் போயிற்று.

ஹோமத்தன்று காலையில் கூடத்தின் கோடியில், பின்வாசலை ஒட்டிச் செங்கல் அடுக்கினோம். காற்று வெளியே இழுக்கிற திசையைப் பார்த்து முந்தின நாளே இடம் குறித்து வைத்திருந்தேன். தணல் பழுத்துக் கிடந்தது. சாஸ்திரி பூஜையெல்லாம் முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் உள்ளே ஓடினேன். மெஷினை நிறுத்தி, குழாயைக் கழற்றி, ஈரத்துணியால் மீசையும் முகமும் துடைத்து, வேறு சட்டை மாட்டி, மகளும் நானுமாக அவரை நடத்திக் கொண்டுவந்து, நெருப்புக்கு நான்கு முழம் தள்ளிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தோம். படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். மகள் விரலில் கருவியை மாட்டினாள்.

"எண்பத்தொம்போது" என்றாள்.

சாஸ்திரி வெள்ளைத் துணியைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"சமித்து சாமி. அவரே பொறுக்கினது."

"தோலைக் காணோமே."

அவர் கையில் இருந்த குச்சிகள் தந்தம் போல வழவழவென்று இருந்தன. ஒவ்வொன்றையும் சீவி, முனையை உப்புத்தாளால் மழுக்கி, ஒரே அளவாக வெட்டியிருந்தார் என் வீட்டுக்காரர்.

"தோல்லதான்... ஈரம் நிக்கும்" என்றார் அவர், நாற்காலியிலிருந்து. "புகையும். அதான் சீவினேன்."

"ஐயா, வேலை பிரமாதம். ஆனா சீவின சமித்து ஆகாது. தோலோட இருக்கணும். பூச்சி அரிச்சது, பிளந்தது, தோல் உரிஞ்சது எதையும் அக்கினியில போடக்கூடாது. யாரும் இப்படிச் சீவிக் கொண்டுவருவாங்கன்னு நான் நினைக்கல, அதனாலதான் சொல்லல."

முப்பத்திரண்டு வருடம் தச்சு வேலை செய்தவர் கையில் குச்சி கிடைத்தால் சீவாமல் என்ன செய்வார்? மகளைப் பார்த்தேன்.

"எண்பத்தேழு."

கழிசல் கட்டு ஈரம். அதைப் போட்டால் கூடம் முழுக்கப் புகைதான். கடைக்கு ஓடி வர நேரமில்லை. இன்னொரு நாள் செய்யலாம் என்றால், அந்த இன்னொரு நாள் இவருக்கு இருக்கிறது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? அப்போதுதான் நினைவு வந்தது.

"மூணாவது கட்டு! வட்டம் போட்டு வெச்சாரே, அதைக் கொண்டா."

மகள் நகரவில்லை.

"உன்னத்தான் சொல்றேன். அலமாரி மேல இருக்கு."

"அது வேண்டாம்மா."

"ஏன், அதையும் சீவிட்டாரா?"

"இல்ல. அது தோலோடவே காஞ்சது. கத்தியே வைக்க வேண்டாம்னு அப்பா சொன்னாரு. ஆனா அது வேண்டாம்மா."

"அடியே, நேரம் போகுது!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "அது அப்பா தனக்குன்னு எடுத்து வெச்சதும்மா. கடைசில சிதையில நெஞ்சு மேல நாலு கட்டை வைப்பாங்களே, அதுக்கு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டாரு."

சாஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"எவனாவது... ஊறிப்போன கட்டையைக் கொண்டுவந்து வெச்சுடுவான்" என்றார் என் வீட்டுக்காரர். கெஞ்சுகிற குரல் அது. "இந்த நெஞ்சு தின்ன தூசி போதாதா? அப்பவும் புகையணுமா? ஒரு நல்ல கட்டையோட போறேனே."

அந்த மூன்று நாளும் அவர் கண்ணில் நான் பார்த்த வெளிச்சம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சீவி மழுக்கியதெல்லாம் என் திருப்திக்கு. முதல் தரமானது அங்கே போவதற்கு. நான் ஒற்றைக்காலில் நின்று, நெய் உருக்கி, டப்பாவில் எரித்துப் பார்த்து, இவரைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பாடுபட்டுக் கொண்டிருந்தேன். இவர் அதே கட்டிலில் உட்கார்ந்து மூட்டை கட்டிக் கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். உச்சந்தலை வரை எரிந்துகொண்டு வந்தது கோபம்தான்.

நானே போய் ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தக் கட்டை எடுத்து வந்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். தாளை, அந்த வட்டத்தோடும் புள்ளியோடும், இரண்டாகக் கிழித்து எறிந்தேன். குச்சிகளை அவர் மடியில் கொட்டினேன்.

"சாமி, இது ஆகுமா?"

சாஸ்திரி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதைவிட நல்லது கிடைக்காதும்மா."

"அப்ப ஆரம்பிங்க." என் வீட்டுக்காரர் முன்னால் கையை நீட்டினேன். "எடுத்துக் கொடுங்க."

அவர் குச்சிகளின்மேல் இரண்டு கையையும் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"எண்பத்தஞ்சு" என்றாள் மகள்.

"கொடுக்கப் போறீங்களா இல்லையா? நீங்க கொடுக்கலேன்னா நான் இப்படியேதான் நிப்பேன். மெஷினும் போட மாட்டேன், ஒண்ணும் பண்ண மாட்டேன். ரெண்டு பேரும் சேந்தே போவோம், கட்டையை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் என்னை வெகு நேரம் பார்த்தது போல் இருந்தது. உண்மையில் இரண்டு நொடி இருக்கும். பிறகு ஒரு குச்சியை எடுத்துக் கண்ணில் ஒற்றி என் கையில் வைத்தார். சாஸ்திரி மந்திரத்தைச் சொல்லி "ஸ்வாஹா" என்றார். நான் அதன் நுனியை நெய்யில் தோய்த்துத் தணலில் போட்டேன். குபீரென்று பிடித்துச் சுத்தமாக எரிந்தது.

இரண்டு, மூன்று, நான்கு. நாற்காலிக்கும் நெருப்புக்கும் நடுவே நான் நடையாய் நடந்தேன். பத்தாவதில் எண்பத்து நான்கு. பதினாறாவதில் எண்பத்து மூன்று. அவர் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. மகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் அவளை முறைத்தேன். இருபதாவது குச்சியை நீட்டியபோது அவர் நெருப்பைக் காட்டி, "பாத்தியா... புகையே... இல்ல" என்றார். பெருமை தாங்கவில்லை மனிதருக்கு. மூச்சு போகிற நேரத்திலும் மரத்தைப் பற்றிப் பெருமை.

இருபத்தெட்டு ஆனதும் சாஸ்திரி கையைக் காட்டினார். "போதும்மா. பூரணமாச்சு."

மடியில் இன்னும் ஐந்தாறு குச்சிகள் இருந்தன. அவர் அவற்றை மெல்லச் சட்டைப்பக்கம் ஒதுக்கப் பார்த்தார். நான் அப்படியே வாரி எடுத்து மொத்தமாக நெருப்பில் போட்டேன்.

"எண்பத்தொண்ணு!" என்று மகள் கத்தினாள். இரண்டு பேருமாக அவரைத் தூக்காத குறையாக உள்ளே கொண்டுபோனோம். கதவைச் சாத்தி, மெஷினைப் போட்டு, குழாயை மாட்டினோம். எண்பத்து மூன்று, எண்பத்தேழு என்று ஏறியது. தொண்ணூற்று இரண்டு வந்த பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார்.

"நல்ல கட்டை. அத்தனையும் போட்டுட்டியே."

"ஆமாம், போட்டுட்டேன்."

"இனி அந்த மாதிரி கிடைக்காது."

"தேடுங்க. தினம் ஒரு கட்டு வாங்கிட்டு வரேன். தட்டித் தட்டிப் பாருங்க. அதே மாதிரி ஒரு கட்டு சேர்ற வரைக்கும் நீங்க எங்கயும் போகக்கூடாது. ஊறிப்போன கட்டையோட உங்களை நான் அனுப்ப மாட்டேன்."

சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது அவருக்கு. முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் கேண்டீன் வேலை முடிந்து நேராக அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் மேல் தட்டில் இருந்த காய்ந்த கட்டுகளுக்குக் கை நீட்டினார். வேண்டாம் என்றேன். கீழே புதிதாக வந்து இறங்கியிருந்த கூடையில் கையை விட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நான்காவது கட்டு சில்லென்று இருந்தது.

"அம்மா, அது ரொம்ப ஈரமாச்சே" என்றார் அவர்.

"தெரியும்" என்றேன். "இதைத்தான் தேடினேன்."